பங்கின் கணக்கும் கிணற்றின் கணக்கும்

(கிருஷ்ணன்கோவிலில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



நீர்வளம் பற்றிப் பேசுங்கள் என்றுதான் அழைத்தார்கள். நீர்வளம் என்று தொடங்கினால் பேச்சு காவிரியில் இறங்கி எங்கெங்கோ போய்விடும். ஆகவே தலைப்பை வேண்டுமென்றே சுருக்கிக்கொண்டேன். பெட்ரோல் பங்கின் அடியில் புதைத்திருக்கும் தொட்டி கசிந்தால், அந்தக் கசிவு பக்கத்துக் கிணற்றில் எப்போது தெரியும், யாருக்குத் தெரியும்? இன்று பேசப்போவது இவ்வளவுதான்.

இந்த ஊர் இதற்குப் பொருத்தமான இடம். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை இவ்வழியாகத்தான் ஓடுகிறது. வத்திராயிருப்புக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்புகிறார்கள். இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை சாலையோரம் பங்குகளைப் பார்க்கலாம். பல இடங்களில் பங்கின் பின்சுவரைத் தாண்டினால் தோப்பு, தோப்புக்குள் கிணறு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை நாம் தரைக்கு மேலே அளந்து பழகியிருக்கிறோம். எண்ணெயோ தரைக்குக் கீழே போகிறது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்கில் எரிபொருளை தினமும் அளக்கிறார்கள். ஆனால் அது சரக்குக்காக அளப்பது, தண்ணீருக்காக அல்ல. கிணற்றையும் அளக்கிறார்கள். அது மட்டத்துக்காகவும் உப்புக்காகவும் அளப்பது, எண்ணெய்க்காக அல்ல. இந்த இரண்டு கணக்கும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கப்படாதவரை, நம்மைப் போன்ற பாறை நிலத்தில் கசிவைக் கடைசியாகக் கண்டுபிடிக்கிறவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவராகவே இருப்பார்.

தமிழ்நாட்டில் இது நடந்திருக்கிறது. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளின் ஆழ்குழாய்களில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு எரிபொருள் கொண்டுபோகும் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாய்தான் காரணம் என்று தெரியவந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. அங்கே கசிந்தது குழாய், பங்கின் தொட்டி அல்ல, அளவும் பெரிது. ஆனாலும் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று அதில் இருக்கிறது. கசிவை முதலில் சொன்னது எந்தக் கருவியும் அல்ல, குடியிருந்தவர்கள்தான். அதுவும் கடலோர மணற்பாங்கான நிலத்தில், சில அடி தோண்டினாலே தண்ணீர் தென்படும் இடத்தில். அறுபதடிக்குக் கீழே பாறை வெடிப்பில் தண்ணீர் வைத்திருக்கும் நம் ஊரில் அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு காலம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

1. கசிவு எங்கே தொடங்குகிறது

தொட்டி என்றதும் ஒரு பெரிய ஓட்டையை மனம் கற்பனை செய்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. கிடைமட்டமாகப் புதைத்த இரும்பு உருளை; வழக்கமாக 20,000 லிட்டர் அளவு. அதிலிருந்து எரிபொருள் போடும் மெஷின் வரை மண்ணுக்குள் குழாய். குழாய் இணைப்புகள், வளைவுகள், லோடு இறக்கும் வாயைச் சுற்றியுள்ள பகுதி, இவையே முதல் சந்தேகத்துக்குரியவை. லாரியின் ஹோஸைக் கழற்றும்போது சிந்துகிற கால் லிட்டர், அரை லிட்டர் யார் கணக்கிலும் வராது. வாரத்துக்குச் சில முறை, இருபது வருடம் என்று பெருக்கினால்தான் அதன் கனம் தெரியும்.

தொட்டியின் இரும்பு துருப்பிடிப்பதற்கு மண்ணும் காரணம், ஈரமும் காரணம். ஈரமான கரிசலும் உப்புத் தண்ணீரும் சேர்ந்த இடத்தில், பூச்சு விட்டுப்போன ஓர் அங்குல இடம் போதும். நவீனத் தொட்டிகள் இரட்டைச் சுவரோடு வருகின்றன. உள்சுவர் போனாலும் வெளிச்சுவர் தாங்கும், இடைவெளியில் வைத்த உணர்கருவி சத்தம் போடும். ஒற்றைச் சுவர்த் தொட்டிக்கு இந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

அமெரிக்கா இதைப் பெருஞ்செலவு செய்து கற்றுக்கொண்டது. 1984இல் நிலத்தடித் தொட்டிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், 1988இல் விரிவான விதிகள் வந்தன, பழைய தொட்டிகளை மாற்றவோ மேம்படுத்தவோ 1998 டிசம்பர் வரை கெடு கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் கணக்கெடுத்தபோது அந்நாட்டில் இதுவரை உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் 5 லட்சத்துக்கு மேல். இந்தியாவில் இன்று பங்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சம். நம் இரும்பு அவர்கள் இரும்பைவிட உயர்ந்தது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

2. டிப் ராடு எவ்வளவு தூரம் பார்க்கும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக அனுமதியுங்கள். மாணவர்கள் கையில் பேனாவை எடுத்துக்கொள்ளலாம்.

காலையில் பங்கில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்து, அளவுக்கோடு போட்ட நீண்ட பித்தளைக் கோலை, அதாவது டிப் ராடை, தொட்டிக்குள் இறக்குகிறார்கள். நனைந்த கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து, சார்ட்டில் அதற்கு நேரே உள்ள லிட்டரைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். கோலின் நுனியில் பழுப்பு நிறப் பேஸ்ட் ஒன்றைத் தடவி இறக்குவதும் உண்டு. அடியில் தண்ணீர் இருந்தால் அந்தப் பேஸ்ட் சிவப்பாக மாறும்.

20,000 லிட்டர் தொட்டி என்றால் சுமார் 2 மீட்டர் விட்டம், 6.4 மீட்டர் நீளம். பாதி நிறைந்திருக்கும்போது எண்ணெயின் மேற்பரப்பு ஏறத்தாழ 12.8 சதுர மீட்டர். ஆகவே கோலில் ஒரு மில்லிமீட்டர் என்பது 12.8 லிட்டர். ஒரு மில்லிமீட்டரைக் கண்ணால் பிழையில்லாமல் படிக்கக்கூடியவர் இந்த அவையில் யாரும் இருக்கிறாரா? நானும் இல்லை.

அடுத்தது வெப்பம். பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.12 சதவீதம் விரியும், சுருங்கும். பகல் வெயிலில் 38 டிகிரியில் வந்த லாரி 10,000 லிட்டர் இறக்குகிறது. மண்ணுக்குள் அது 32 டிகிரிக்கு வந்தால் 72 லிட்டர் குறைந்ததாகத் தெரியும். யாரும் திருடவில்லை, எதுவும் ஒழுகவில்லை. இதற்கு மேல் பெட்ரோல் ஆவியாகவும் போகும்.

இப்போது கசிவுக்கு வருவோம். அமெரிக்க விதிகளின்படி தொட்டிக்குள் வைக்கும் தானியங்கி அளவுமானி மணிக்கு 0.2 கேலன் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் அளவில் அது நாளைக்குச் சுமார் 18 லிட்டர். டிப் ராடில் அது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. வெப்பத்தால் வரும் 72 லிட்டர் வித்தியாசத்துக்குள் 18 லிட்டர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டு பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 18 லிட்டர் ஓர் ஆண்டில் 6,500 லிட்டருக்கு மேல்.

பங்குக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கசிந்தால் முதல் நட்டம் அவர்களுக்குத்தான். இன்றைய விலையில் ஒரு நாளைக்குச் சுமார் 1,800 ரூபாயை மண்ணில் ஊற்ற யாருக்கும் ஆசை இருக்காது. கண்ணுக்குத் தெரியாததுதான் சிக்கல்.

வழி இருக்கிறது. அளவுப் பிழை ஒரு நாள் கூடுதலாகவும் ஒரு நாள் குறைவாகவும் வரும். நாளாக ஆக அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கசிவு எப்போதும் ஒரே பக்கம்தான் போகும். ஆகவே அன்றாட வித்தியாசத்தைத் தனித்தனியாகப் பார்க்காமல், முதல் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டே வந்து வரைபடமாகப் போட்டால், கசிவில்லாத தொட்டியின் கோடு மேலும் கீழும் ஆடிக்கொண்டே கிட்டத்தட்ட நேராகப் போகும். கசிகிற தொட்டியின் கோடு மாதக் கடைசியில் 500 லிட்டர் கீழே நிற்கும். இதில் டீசல் தொட்டியை நான் அதிகம் நம்புவேன். டீசல் அவ்வளவாக ஆவியாகாது. ஆகவே அதன் கோடு சரிந்தால் காற்றின் மேல் பழி போட முடியாது.

தானியங்கி அளவுமானி வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் கசிவைச் சோதிக்க அதற்குச் சில மணி நேரம் தொட்டி அசையாமல் இருக்க வேண்டும். எண்ணெய் எடுக்கவும் கூடாது, ஊற்றவும் கூடாது. சபரிமலை சீசனில் இந்தச் சாலையில் இரவு இரண்டு மணிக்கு நின்று பாருங்கள், எந்தப் பங்கின் தொட்டி அசையாமல் இருக்கிறது என்று. இருபத்துநான்கு மணி நேரப் பங்குக்கு வேறு வகைக் கணக்கீடு வேண்டும், அல்லது மாதத்தில் ஓர் இரவு அந்த ஒரு தொட்டியை மட்டும் மூடி வைக்க வேண்டும்.

அந்தப் பேஸ்ட் இன்னொரு செய்தியும் சொல்லும். கண்மாய்க்கு அடியில் தாழ்ந்த இடத்தில் இருக்கும் பங்கில், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு நிலத்தடி நீர் ஏறித் தொட்டியின் அடியைத் தொடலாம். அப்போது தொட்டிக்குள் தண்ணீர் சேர்ந்தால், வண்டி கெட்டுப்போகும் என்று பதறி அதை இறைத்து வெளியேற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். தண்ணீர் உள்ளே வந்தது மூடி வழியாக என்றால் சரி. துருப்பிடித்த துளை வழியாக வந்திருந்தால், நீர்மட்டம் இறங்கிய பிறகு அதே துளை வழியாக எண்ணெய் வெளியே போகும். மழைக்காலத்துப் பேஸ்டின் சிவப்பு, கோடைக்கான முன்னறிவிப்பு.

3. பாறை நிலத்தின் குணம்

கசிவைக் கண்டுபிடிக்க அமெரிக்க விதிகள் அனுமதிக்கும் வழிகளில் ஒன்று, தொட்டியைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி மாதம் ஒருமுறை மிதக்கும் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது. எட்டில் ஒரு அங்குலக் கனமுள்ள படலம் இருந்தாலும் காட்டிக்கொடுக்க வேண்டும். இதை நம் ஊரிலும் செய்யலாமே என்று பொறியியல் மாணவர் ஒருவர் சொன்னால் தவறில்லை. ஆனால் அந்த விதியின் அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். நிலத்தடி நீர் எப்போதும் 20 அடிக்குக் கீழே போகாத இடமாக இருக்க வேண்டும். தண்ணீர் தங்குதடையின்றிப் பாயும் மணல், சரளை போன்ற நிலமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் தண்டையார்பேட்டைக்குப் பொருந்தக்கூடும். கிருஷ்ணன்கோவிலுக்குப் பொருந்தாது.

இங்கே மேலே சில அடி மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் இருப்பது பாறையின் வெடிப்புகளில். கிணறு வெட்டியவர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை: பத்தடி தள்ளி வெட்டியிருந்தால் ஊற்றுக்கண் கிடைத்திருக்கும் என்று புலம்பாத குடும்பம் இந்தப் பக்கத்தில் உண்டா? தொட்டிக்குப் பத்தடி தள்ளி ஒரு கண்காணிப்புக் குழாயை இறக்கினால், எண்ணெய் போகும் வெடிப்பை அது தொடவே தொடாமல் போகலாம். குழாய் சுத்தமாக இருக்கும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் தோட்டக் கிணறு கெட்டிருக்கும்.

கலிபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே தொட்டிக் கசிவால் கெட்ட நிலத்தடி நீரின் பரவல் பெரும்பாலும் 250 அடிக்குள் நின்றுவிட்டது. மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் பெட்ரோலைத் தின்றுவிடுகின்றன. ஆறுதலான செய்திதான். ஆனால் அது மண்ணின் துகள்களுக்கிடையே மெதுவாகக் கசியும் தண்ணீருக்குப் பொருந்தும். வெடிப்பில் ஓடும் தண்ணீர் நுண்ணுயிரிகளுக்கு அவ்வளவு அவகாசம் தராது.

இதற்கு மேல் நம் கைவரிசை ஒன்று இருக்கிறது. எந்த வெளிநாட்டுப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை. ஊற்று வற்றிய கிணற்றுக்குள் மெஷினை இறக்கி, பக்கச் சுவரில் படுக்கைவாட்டில் துளை போடுகிறோம். சைடு போர். ஒரு கிணற்றிலிருந்து நாலு திசைக்கும் போகும். பக்கத்துப் பட்டாவுக்கு அடியிலும் போகும், சாலைக்கு அடியிலும் போகும். எந்தக் கிணற்றிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு நீளம் என்பதற்குக் கிராமக் கணக்கில் பதிவு கிடையாது. துளை போட்டவரின் நினைவில்தான் இருக்கிறது. ஒரு பங்கின் தொட்டிக்குழிக்கு அடியில் அப்படி ஒரு துளை போயிருந்தால், இயற்கை வைத்த பாறைத் தடுப்பை நாமே காசு கொடுத்து உடைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

நீர்மட்டம் ஏறி இறங்குவதும் ஒரு தொல்லை. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். கோடையில் மட்டம் இறங்கும்போது அதுவும் கீழே இறங்கி, வழியில் உள்ள பாறை இடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மழையில் மட்டம் ஏறும்போது ஒரு பகுதி மேலே வரும், ஒரு பகுதி தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒருமுறை கசிந்தது பல மழைக்கு மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். கசிவை நிறுத்திய மறு ஆண்டு கிணறு சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே நம் நிலத்தில் முதல் காவல் தண்ணீரில் அல்ல, தண்ணீருக்கு மேலே உள்ள காய்ந்த மண்ணில் இருக்க வேண்டும். தொட்டிக்குழியில் நிரப்பிய மணலுக்குள், அடிவரை, துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நிறுத்திவைத்தால் போதும். மூடியைத் திறந்து ஆவி அளக்கும் கருவியின் மூக்கை உள்ளே விட்டால், பெட்ரோல் கசிவு தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே தெரியும். டீசலுக்கு இது அவ்வளவு உதவாது. அதற்கு முன்னே சொன்ன இருப்புக் கோடுதான்.

4. கிணற்றைக் கேட்பது எப்படி

சரி, கிணறுகளை விட்டுவிடலாமா என்றால், கூடாது. புதிதாகத் தோண்டும் நாலு அங்குலக் குழாயைவிட, இருபதடி விட்டமும் நாலு திசைச் சைடு போரும் கொண்ட தோட்டக் கிணறு எத்தனையோ வெடிப்புகளிலிருந்து தண்ணீரைச் சேகரிக்கிறது. இதைவிடப் பெரிய கண்காணிப்புக் கிணற்றை யாரும் நமக்குக் கட்டித்தரப்போவதில்லை. மேற்கே மலை, கிழக்கே சரிவு என்பதால் நிலத்தடி நீரின் பொதுப்போக்கு கிழக்கு நோக்கி. பங்குக்கு மேற்கே ஒரு கிணறு ஒப்பிட்டுப் பார்க்க, கிழக்கே இரண்டு மூன்று கிணறுகள் சோதித்துப் பார்க்க. ஆனால் மூன்று பேஸ் கரண்ட் வரும் நேரம் முழுக்க மோட்டார் ஓடும் கிணறு, எந்தத் திசையில் இருந்தாலும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பெட்ரோலில் நாம் அஞ்ச வேண்டிய பொருள் பென்சீன். புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்றைய பி.எஸ். 6 பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் ஒரு சதவீதம் இருக்கலாம். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி, எடையில் 8.8 கிராம். அது முழுவதும் கரைந்தால் 8.8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். இருபதடி வட்டக் கிணற்றில் முப்பதடித் தண்ணீர் நின்றால் அது சுமார் இரண்டரை லட்சம் லிட்டர். ஆக, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மூன்று கிணற்றுக்கு மேல். முழுவதும் கரையாது, பாதி வழியில் ஆவியாகும், நுண்ணுயிரிகள் தின்னும் என்பதெல்லாம் உண்மை. நான் சொல்ல வருவது அளவின் தன்மையை.

மூக்கு இங்கே உதவாது. தண்ணீரில் பென்சீனின் வாசனை மனிதருக்குத் தெரியத் தொடங்குவது லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் இருக்கும்போது. வரம்பைப் போல ஆயிரம் மடங்கு. "வாடை ஒண்ணும் இல்லையே சார், நாங்க குடிச்சிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று சொல்லும் விவசாயியிடம் நான் வாதாடுவதில்லை, இந்த எண்ணை மட்டும் சொல்கிறேன்.

கண்ணும் ஏமாற்றும். கிணற்றுத் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மின்னினால் உடனே பங்கின் மேல் பாய வேண்டாம். இரும்புச் சத்தில் வாழும் பாக்டீரியாவும் அப்படி ஒரு படலத்தைப் போடும். ஒரு குச்சியை எடுத்துப் படலத்தைக் குத்துங்கள். உடைந்த கண்ணாடி போலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் பாக்டீரியா. குச்சியை எடுத்ததும் மறுபடி ஓடி ஒன்று சேர்ந்தால் எண்ணெய். எண்ணெயே என்றாலும் அது பங்கின் எண்ணெய்தானா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆயில் இன்ஜின் கிணற்றுத் திட்டிலேயே நின்று வருடக்கணக்கில் ஒழுக்கியிருக்கலாம். பக்கத்தில் லாரிப் பட்டறை இருக்கலாம். ஆய்வகத்தில் எண்ணெயின் கூறுகளைப் பிரித்துப் பார்த்தால், புதுப் பெட்ரோலா, பழைய டீசலா, கழிவு இன்ஜின் ஆயிலா என்று சொல்லிவிடுவார்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான சோதனைகள் கெடுகின்றன. மினரல் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, பாதி காலியாக, வண்டிப் பெட்டியில் வெயிலில் வைத்து மதுரைக்குக் கொண்டுபோனால், போய்ச் சேர்வதற்குள் பென்சீன் பாட்டிலில் உள்ள காற்றுக்குள் ஏறியிருக்கும். ஆய்வகம் 'இல்லை' என்று எழுதிக் கொடுக்கும். அந்தக் காகிதம் வெறும் பாட்டிலைவிட ஆபத்தானது. இதற்கென்று 40 மில்லி கண்ணாடிக் குப்பி இருக்கிறது. பாதுகாப்புக்காக ஓரிரு துளி அமிலம் முன்பே விட்டிருப்பார்கள், ஆகவே குப்பியைக் கழுவக் கூடாது. தண்ணீரை ஓரமாக, நுரைக்காமல், விளிம்புக்கு மேலே குமிழாக எழும்பி நிற்கும்வரை ஊற்ற வேண்டும். அந்தக் குமிழின் மேல் மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூட வேண்டும். பிறகு தலைகீழாகத் திருப்பி, உள்ளங்கையில் தட்டிப் பார்க்க வேண்டும். கடுகளவு காற்றுக்குமிழ் மேலே ஓடினாலும் அந்தக் குப்பி வேண்டாம், வேறொன்று எடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்துப் பதினான்கு நாட்களுக்குள் சோதிக்க வேண்டும்.

எப்போது எடுப்பது? மட்டம் அடியில் கிடக்கும் புரட்டாசியில் ஒருமுறை, மழை முடிந்து கிணறு ஏறிய தையில் ஒருமுறை. மேலே சொன்ன ஏற்ற இறக்கத்தால், ஒரு பருவத்தில் மட்டும் எடுத்தால் ஏமாறுவோம்.

5. எத்தனாலைப் பற்றி இரண்டு வரி

2025இல் நம் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வந்துவிட்டது. வண்டிக்கு நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. மண்ணுக்குள் கசிந்தால் நுண்ணுயிரிகள் முதலில் எத்தனாலைத்தான் தின்னும், அதற்காக அங்கிருக்கும் ஆக்ஸிஜனையும் செலவழித்துவிடும். பென்சீன் தன் முறைக்காகக் காத்திருக்கும், அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். இன்னொன்று: எத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் பழைய பேஸ்ட் சரியாக நிறம் மாறாது, அதற்கென்ற பேஸ்ட் வேண்டும்.

பெட்ரோலில் எதைக் கலந்தாலும் அது தண்ணீரில் என்ன செய்யும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதற்கு சாண்டா மோனிகா நகரம் சாட்சி. காற்று சுத்தமாக இருக்கட்டும் என்று கலந்த எம்.டி.பி.இ. என்ற பொருள், கசிந்த தொட்டிகளிலிருந்து நிலத்தடி நீரில் எளிதாகக் கரைந்து பரவியது. 1996இல் அந்நகரம் தன் குடிநீர்க் கிணறுகளில் பெரும்பகுதியை மூட வேண்டி வந்தது.

6. யாருடைய மேசையில்

பட்டாசுத் தொழிலால் சிவகாசியில் எல்லாருக்கும் தெரிந்த வெடிபொருள் துறை, அதாவது 'பெசோ', பெட்ரோல் பங்குக்கும் உரிமம் தரும் அமைப்பு. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், 2002ஆம் ஆண்டின் விதிகள் இரண்டும் முதலில் நெருப்பைப் பற்றிக் கவலைப்படுகின்றன. அது இயல்பே. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில், பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவைத் தொடர்ந்து, புதிய பங்குகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மண்ணையும் நிலத்தடி நீரையும் பற்றி அதில் பேச்சு உண்டு, வரவேற்கிறேன். பள்ளி, பத்துப் படுக்கைக்குக் குறையாத மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும், முடியாத இடத்தில் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. அந்தத் தூரப் பட்டியலில் கிணறு இல்லை.

தண்ணீர்ப் பக்கம் பாருங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை மட்டம் அளக்கிறது. மாநில அரசின் நீர்வள ஆதார விவர மையமும் அளக்கிறது. தரம் என்று வரும்போது உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் கனிம எண்ணெய்க்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. பென்சீனுக்குத் தனி வரம்பு இல்லை. வரம்பு இல்லாததை எந்த ஆய்வகமும் தானாகத் தேடாது.

நான்கு வழிச்சாலை வேலையில் பல பங்குகள் இடம் பெயர்கின்றன. பழைய இடத்துத் தொட்டி எடுக்கப்பட்டதா, எடுத்தபோது குழியின் மண் சோதிக்கப்பட்டதா என்பதைக் கேட்பதற்கு இதைவிட நல்ல தருணம் வராது. குழி திறந்திருக்கும் அந்த ஒரு வாரத்தில் கிடைக்கும் தகவல், மூடிய பிறகு எத்தனை போர் போட்டாலும் கிடைக்காது. பழைய பங்கின் இடத்தை வாங்கி வீடு கட்டப்போகிறவர்கள் பத்திரத்தோடு அந்த மண் சோதனைத் தாளையும் கேட்டு வாங்க வேண்டும்.

பணம் யார் தருவது என்று முன்வரிசையில் பங்கு நடத்தும் நண்பர் ஒருவர் பேச்சுக்கு முன்பே என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1986இல் கசிவுத் தொட்டிகளுக்கென்று ஒரு நிதியை ஏற்படுத்தி, ஒரு கேலன் எரிபொருளுக்கு ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு வரியாக எடுத்தார்கள். நம் காசில் அது லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டு பைசா. இங்கே ஒரு பைசாவோடு தொடங்குவோம். நாளைக்கு 5,000 லிட்டர் விற்கும் பங்கில் ஒரு நாளைக்கு 50 ரூபாய், ஆண்டுக்கு 18,250 ரூபாய். எல்லாக் கிணற்றையும் ஒரே ஆண்டில் சோதிக்க இது போதாமல் போகலாம். இரண்டு கிணறு, இரண்டு பருவம் என்று தொடங்கலாம். டீலரின் கமிஷனிலிருந்து இதை எடுக்கக் கூடாது, எண்ணெய் நிறுவனம்தான் தர வேண்டும் என்பது என் கட்சி. தொட்டி பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து.

இங்கே கட்டடப் பொறியியலும் வேதியியலும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள். பங்குகளின் இருப்புப் பதிவேட்டிலிருந்து அந்தக் கூட்டுக் கோட்டைப் போட ஒரு மடிக்கணினி போதும். உரிமையாளர் சம்மதித்தால் போதும். சைடு போர்களின் வரைபடத்துக்கு மெஷின்காரர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும், அவர்களில் மூத்தவர்கள் தொழிலை விடுவதற்குள். கிணற்றுச் சோதனை முடிவுகள் ஊராட்சி அலுவலகத்தில், கிணற்றுக்காரர் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி இருக்கட்டும். பங்கின் மாதாந்திரக் கோட்டின் நகலும் அதே கோப்பில் இருக்கட்டும். முதல் மாதிரியை வரும் புரட்டாசியிலேயே எடுக்கலாம்.